வெட்டும் இயந்திரமா, மடிக்கும் இயந்திரமா: தகட்டுப் பட்டறை முதலில் எதை வாங்குவது?

கண்ட்ரோல் பேனல் பெட்டி, ஸ்டார்ட்டர் பெட்டி, இன்வெர்ட்டர் கூடு போன்றவற்றைச் செய்து தரும் சிறு பட்டறை ஒன்று, கையில் சேர்ந்த பணமும் வங்கி தரும் கடனும் சேர்த்து ஒரே ஒரு பெரிய இயந்திரம்தான் வாங்க முடியும் என்ற நிலைக்கு வரும்போது, உரிமையாளரின் மனம் பெரும்பாலும் லேசர் கட்டிங் இயந்திரத்தின் பக்கமே சாய்கிறது. அது வேகமாக ஓடுகிறது. எவ்வளவு சிக்கலான வடிவமானாலும் கணினியில் வரைந்ததை அப்படியே தகட்டில் எடுத்துக் கொடுக்கிறது. பார்க்க வரும் வாடிக்கையாளரிடம் பட்டறையின் மதிப்பையும் உயர்த்துகிறது. ஒரு மூலையில் நின்றுகொண்டு நிமிடத்துக்குச் சில மடிப்புகள் மட்டுமே போடும் மடிக்கும் இயந்திரத்துக்கு, அதாவது பிரஸ் பிரேக்குக்கு, அந்தக் கவர்ச்சி இல்லை. ஆயினும், பெட்டி வேலையை நம்பியிருக்கும் பட்டறை முதலில் வாங்க வேண்டியது மடிக்கும் இயந்திரமே என்பது என் கருத்து. விலை வேறுபாடு அதற்கு ஒரு காரணம்தான். முதன்மையான காரணம், வெட்டும்போதும் மடிக்கும்போதும் தகட்டுக்குள் நடப்பவை அடிப்படையிலேயே வேறானவை என்பதில் இருக்கிறது.

எந்த உலோகத் தகட்டுக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. அழுத்தம் முதல் எல்லையைத் தாண்டினால், விட்ட பிறகும் தகடு பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பாது. இரண்டாவது எல்லையைத் தாண்டினால் அது அறுந்துவிடும். விசையால் வெட்டும் வேலை அனைத்தும், ஷியரிங் கத்தியானாலும், மேலிருந்து இறங்கும் பஞ்ச்சும் அதைக் கீழே ஏற்கும் அச்சான டையுமானாலும், இரண்டாவது எல்லையைக் கடந்தே ஆக வேண்டிய வேலை. மடிப்பது, இழுப்பது (பாத்திரம்போலக் குழிவாக்குவது), உருட்டுவது ஆகிய வடிவமாக்கும் வேலைகளோ முதல் எல்லையைத் தாண்ட வேண்டும், ஆனால் இரண்டாவதை எட்டவே கூடாது. அந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் வடிவமாக்குபவனுக்குக் கிடைத்திருக்கும் இடம். அது எவ்வளவு அகலம் என்பது தகட்டின் ரகத்தைப் பொறுத்தது. ஐ.எஸ். 513 என்ற இந்தியத் தரத்தின்படி வரும் சி.ஆர்.சி.ஏ. தகட்டில் (குளிர்நிலையில் உருட்டிப் பதப்படுத்திய இரும்புத் தகடு) சாதாரண ரகம், இழுக்கத் தக்க டி, ஆழமாக இழுக்கத் தக்க டி.டி., மிக ஆழமாக இழுக்கத் தக்க இ.டி.டி. என்று கடைக்காரர்கள் பிரித்துச் சொல்வது இந்த அகலத்தைப் பற்றியதே. வெட்டுபவனுக்கு இவற்றுக்கு இடையில் பெரிய வேறுபாடு தெரியாது. மடிப்பவனுக்கும், அவனைவிட ஆழமாக இழுப்பவனுக்கும், நன்றாகத் தெரியும்.

வெட்டு விளிம்பை உற்றுப் பார்த்தால் அதன் கதை அங்கேயே எழுதியிருக்கும். பஞ்ச் முதலில் தகட்டை அழுத்துவதால் மேல் ஓரம் சற்று உருண்டிருக்கும், அதற்குக் கீழே பஞ்ச் உண்மையிலேயே அறுத்துச் சென்ற பளபளப்பான பட்டை தெரியும், அதற்கும் கீழே, மேலிருந்தும் கீழிருந்தும் கிளம்பிய விரிசல்கள் சந்தித்து உடைந்த சொரசொரப்பான பகுதி இருக்கும், கடைசியில் பிசிறு. பஞ்ச்சுக்கும் டைக்கும் நடுவில் விடும் இடைவெளி, மென்மையான இரும்புத் தகட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் தடிமனில் ஏறத்தாழ 6 சதவீதம், அதாவது 16 கேஜ் எனப்படும் 1.6 மி.மீ. தகட்டுக்கு 0.1 மி.மீ. அளவில் இருந்தால், அந்த விரிசல்கள் சரியாகச் சந்திக்கும். பஞ்ச் தேய்ந்து முனை மழுங்கினால் பிசிறு வளரும். லேசரில் பஞ்ச்சும் இல்லை, அது தேயும் தொல்லையும் இல்லை. கற்றை உருக்கிய உலோகத்தை வாயு ஊதித் தள்ளுகிறது. எந்த முறையானாலும் வெட்டு வேலையின் முடிவு தெளிவானது: துண்டு பிரிந்துவிட்டது, அளவு வந்துவிட்டது, வெர்னியரை வைத்துப் பார்த்தால் சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடும்.

மடிப்பில் அந்தத் தெளிவு கிடையாது. பஞ்ச் தகட்டை வி வடிவ டைக்குள் அழுத்தும்போது மடிப்பின் வெளிப்பக்கம் நீளுகிறது, உட்பக்கம் நசுங்குகிறது, இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு கோடு நீளம் மாறாமல் இருக்கிறது. பஞ்ச்சை எடுத்தவுடன் தகடு சற்றுத் திரும்பிக்கொள்கிறது. மென்மையான இரும்பானால் ஒரு பாகைக்குள் அடங்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஆனால் இரண்டு மூன்று பாகைகூடத் திரும்பும். ஆகவே 90 பாகை வேண்டுமென்றால் அதைத் தாண்டி மடிக்க வேண்டும், எவ்வளவு தாண்டுவது என்பது தகட்டுக்குத் தகடு மாறும். ஒரே ஆலையிலிருந்து வந்த இரண்டு காயில்களுக்கு (தகட்டுச் சுருள்களுக்கு) இடையிலும் அது மாறுவதை பிரேக்கில் நிற்பவர்கள் அறிவார்கள்.

இது பட்டறைக் கணக்கை எப்படிப் பாதிக்கிறது என்பதை ஒரு பெட்டியை வைத்தே பார்க்கலாம். 600 மி.மீ. உயரம், 400 மி.மீ. அகலம், 200 மி.மீ. ஆழம், வாயைச் சுற்றி 15 மி.மீ. உள்மடிப்பு, தகடு 1.6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அகலவாக்கில் வெளியளவுகளைக் கூட்டினால் 15, 200, 400, 200, 15 என்று 830 மி.மீ. வருகிறது. ஆனால் 830 மி.மீ. துண்டு வெட்டினால் பெட்டி பெரிதாகிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு மடிப்பிலும் தகடு மூலையைச் சுற்றி வளைந்து குறுக்குவழியாகச் செல்கிறது. தகட்டின் தடிமனைப்போல எட்டு மடங்கு வாயுள்ள டை என்ற பழைய விதிப்படி 12 மி.மீ. வி-டை போட்டால், உள் வளைவின் ஆரம் ஏறத்தாழ 2 மி.மீ. வரும்; ஒரு மடிப்புக்கு 3 மி.மீ. கழிக்க வேண்டும். நான்கு மடிப்புக்கு 12 மி.மீ. கழித்து, வெட்ட வேண்டிய அளவு 818 மி.மீ. ஆகிறது.

இப்போது மடிப்பவர், 12 மி.மீ. டை வேறு வேலையில் மாட்டியிருக்கிறதென்று 16 மி.மீ. டையில் மடித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? தகடு டையின் அடியைத் தொடாமல் காற்றில் தொங்கவிட்டு மடிக்கும் முறையில் உள் ஆரத்தை முடிவுசெய்வது பெரும்பாலும் டையின் வாய் அகலம்தான். ஆரம் 2.6 மி.மீ. அளவுக்குப் பெரிதாகும், கழிவு, அதாவது கழிக்க வேண்டிய அளவு, ஒரு மடிப்புக்கு 3.26 மி.மீ. ஆகும், நான்கு மடிப்பும் முடிந்த பெட்டியின் அளவுகளைக் கூட்டினால் ஒரு மி.மீ. கூடுதலாக இருக்கும். வெட்டியவர் பத்தில் ஒரு மி.மீ. சுத்தமாக 818 வெட்டியிருக்கிறார், தவறு அவருடையதன்று. கதவு வாயில் சரியாக உட்காராமல் ரப்பர் கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தொடாமல் நிற்பதும், தூசு, நீர்த் தடுப்புச் சோதனையில் பெட்டி தோற்பதும் இப்படிப்பட்ட இடங்களிலிருந்து வருபவையே.

வெட்டு அளவு மடிப்பிலிருந்து பிறக்கிறது, மடிப்பு வெட்டிலிருந்து பிறப்பதில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. மடிக்கும் இயந்திரத்தைத் தன்னிடம் வைத்திருப்பவன், தன் டைக்குரிய கழிவுகளை ஒரு முறை சோதித்து அட்டவணையாக எழுதி வைத்துக்கொண்டு, 818 என்று துல்லியமாகச் சொல்லி வெளியில் வெட்டி வாங்க முடியும். வெட்டும் இயந்திரத்தை மட்டும் வைத்திருப்பவன், மடித்துக் கொடுக்கும் பட்டறை அன்று எந்த டையைப் போடும் என்று தெரியாமலேயே அளவை முடிவுசெய்ய வேண்டியிருக்கும். முன்னவன் கையில் கட்டுப்பாடு இருக்கிறது. பின்னவன் கையில் வேகம் மட்டும் இருக்கிறது.

போக்குவரத்தும் இதையே சொல்கிறது. வெட்டிய துண்டுகள் தட்டையானவை. நூறு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு சிறு வண்டியில் கொண்டுவரலாம். மடித்த பெட்டியை வெளியிலிருந்து கொண்டுவந்தால் வண்டி முழுவதும் காற்றுதான் வரும், போகும் வழியில் மூலைகள் இடிபடும், கீறல் விழும். கோயம்புத்தூர், அம்பத்தூர் போன்ற தொழிற்பகுதிகளில் கூலிக்கு லேசர் வெட்டிக் கொடுப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குள் போட்டியும் இருக்கிறது. நாலு பக்கப் பெட்டியை, உள்மடிப்போடு, வரைபடத்தில் உள்ளபடி கோணம் பிசகாமல் மடித்துக் கொடுப்பவரைத் தேடுவதுதான் கடினம். தாராளமாகக் கிடைப்பதைக் கூலிக்கு வாங்கிக்கொண்டு, அரிதாகக் கிடைப்பதைச் சொந்தமாக வைத்துக்கொள்வதே பட்டறைக்கு நல்லது.

மடிப்பைச் சொந்தமாக்கிக்கொள்வதற்கு வெல்டிங் இன்னொரு காரணம். மேலே சொன்ன பெட்டியை ஐந்து தனித் தகடுகளை வெட்டி ஒட்டிச் செய்தால், அடித்தகட்டைச் சுற்றி 2 மீட்டரும், நான்கு மூலைகளில் 0.8 மீட்டருமாக 2.8 மீட்டர் நீளத்துக்கு வெல்டிங் ஓட வேண்டும். ஒரே தகட்டைச் சிலுவை வடிவில் வெட்டி மடித்தால் மூலைகளில் உள்ள 0.8 மீட்டர் மட்டும் போதும். 1.6 மி.மீ. தகட்டில் கூடுதலாக ஓடும் அந்த 2 மீட்டர், வெறும் கம்பிச் செலவும் கூலியும் அன்று. சூட்டில் தகடு நெளிவது, நெளிந்ததை அடித்து நிமிர்த்துவது, கிரைண்டர் போட்டுத் தேய்ப்பது, தேய்த்த இடம் பவுடர் கோட்டிங்கில் தெரிவது என்று அது வளர்ந்துகொண்டே போகும். விறைப்பும் மடிப்பிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தகட்டின் தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது உண்மைதான், ஆனால் எடையும் விலையும் இரட்டிக்கும், 15 மி.மீ. ஓர மடிப்பு, ஏறத்தாழ எடை கூடாமலேயே கதவு தளதளவென்று ஆடுவதை நிறுத்திவிடும்.

இதனால் வெட்டு வேலை அலட்சியமானது என்று பொருளில்லை. மோசமாக வெட்டிய துண்டை நன்றாக மடிக்க முடியாது. பஞ்ச் செய்த பிசிறு மடிப்பின் வெளிப்பக்கம் வந்தால், நீளும் பக்கத்தில் அந்தப் பிசிறே விரிசலுக்குத் தொடக்கமாகிவிடும்; எனவே பிசிறுப் பக்கத்தை உள்ளே வைத்து மடிக்க வேண்டும். மடிப்புக் கோட்டுக்கு இரு புறமும் டையின் வாய்க்குள் விழும் துளைகள், அதாவது 12 மி.மீ. டையானால் கோட்டிலிருந்து 6 மி.மீ.க்குள் இருப்பவை, மடிக்கும்போது முட்டை வடிவமாக இழுபடும். லேசரில் ஆக்சிஜன் விட்டு வெட்டிய இரும்பின் விளிம்பில் படியும் கருப்பு ஆக்சைடு படலத்தை நீக்காமல் பவுடர் கோட்டிங் போட்டால், பூச்சு விளிம்பிலிருந்து உரியும்; நைட்ரஜனில் வெட்டச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை, கட்டணம் சற்றுக் கூடும்.

வெட்டிக் கொடுப்பவரிடம் சொல்லியே தீர வேண்டிய இன்னொன்று தகட்டின் உருட்டுத் திசை, அதாவது ஆலையில் உருளைகளுக்கு நடுவில் தகடு ஓடி வந்த திசை. 2500க்கு 1250 மி.மீ. தகடு ஒன்று, 1.6 மி.மீ. தடிமனில், 39 கிலோ எடை இருக்கும். அதில் ஸ்கிராப் குறைய வேண்டுமென்று நெஸ்டிங் மென்பொருள் துண்டுகளைத் திருப்பித் திருப்பி அடுக்கும். அப்படி வெட்டினால் ஒரே பெயருள்ள துண்டுகளில் பாதி உருட்டுத் திசைக்கு நெடுக்கிலும் பாதி குறுக்கிலும் வந்து சேரும். தட்டையாக இருக்கும்வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பிரேக்கில் வைத்தவுடன் ஒரு கட்டு 90 பாகையும் மறு கட்டு 91 பாகையும் காட்டும், மடிப்பவர் இயந்திரத்தைக் குறை சொல்வார். கடினமான அலுமினியம் போன்றவற்றில் கோணம் மட்டும் மாறுவதோடு நிற்காது. உருட்டுத் திசைக்கு இணையாகப் போட்ட மடிப்பு வெடித்தே போகலாம். தகட்டில் மிச்சம் பிடித்ததை மடிப்பில் தொலைப்பது இவ்வாறுதான்.

இனி மறுபக்கம். லேசரை முதலில் வாங்குவதே சரியென்று நான் சொல்லும் பட்டறைகளும் உண்டு. வாஷர், ஷிம், அலங்கார ஜாலி, பெயர்ப்பலகை எழுத்து, இயந்திரத்தின் அடித்தகடு என்று தட்டையாகவே விற்பனையாகும் பொருள்களைச் செய்பவர்களுக்கு மடிப்பு கிட்டத்தட்டத் தேவையே இல்லை. கூலி லேசர் அருகில் இல்லாத ஊரில், ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டியவர்களின் கணக்கும் வேறு. ஆனால் அவர்களும் இயந்திரத்தின் விலையை மட்டும் பார்த்துவிடக் கூடாது. கம்ப்ரசர், சில்லர், ஸ்டெபிலைசர், நைட்ரஜன் ஏற்பாடு, லென்சும் நாசிலும் மாற்றும் செலவு ஆகியவை கூடவே வரும். ஃபைபர் லேசரின் அலைநீளம் ஒரு மைக்ரானுக்கு அருகில் இருப்பதால் அது கண்ணின் விழித்திரைவரை செல்லக்கூடியது. மூடிய அறையும் அதற்குரிய கண்ணாடியும் இல்லாத மலிவான இயந்திரத்தை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

பல பஞ்ச்களைச் சுழலும் தட்டில் மாட்டி, வேண்டியதைத் திருப்பிக் குத்தும் டரட் பஞ்ச் பிரஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு தெரிவு. பேனல் வேலைக்கு அது மிகப் பொருத்தமானது, ஏனென்றால் பேனல் கதவில் வருபவை பெரும்பாலும் ஒரே மாதிரியான துளைகள். புஷ் பட்டனுக்குரிய 22.5 மி.மீ. துளையை 1.6 மி.மீ. தகட்டில் குத்த ஏறத்தாழ 3.5 டன் விசை போதும். ஒரே அடியில் முடிந்துவிடும். அதே தகட்டில் 600க்கு 400 மி.மீ. சுற்றளவை ஒரே அடியில் வெட்ட வேண்டுமென்றால் நூறு டன்னை நெருங்கும், ஆகவேதான் டரட் அதைச் சிறிது சிறிதாகக் கொறித்து எடுக்கிறது, கொறித்த விளிம்பில் படிப்படியாகத் தடம் தெரிகிறது. காற்றோட்டத்துக்காகப் போடும் லூவரை (புடைத்த காற்றுத் திறப்பை) லேசரால் செய்யவே முடியாது. அங்கே ஒரு பக்கம் அறுபடுகிறது, மற்றப் பக்கங்கள் அறுபடாமல் புடைத்தெழுகின்றன. வெட்டுவதும் வடிவமாக்குவதும் ஒரே அடியில் நடக்கும் வேலை அது.

எண்ணிக்கை ஆயிரங்களைத் தாண்டி, வரைபடமும் இனி மாறாது என்று உறுதியானால், லேசர், பிரேக் இரண்டையும் விட்டுவிட்டு டை செய்வதே முறை. கணக்குக்காக ஒரு பிராக்கெட்டுக்கு டை செலவு 90,000 ரூபாய், லேசரில் துண்டுக்கு 14 ரூபாய், பவர் பிரஸ்ஸில் 5 ரூபாய் என்று கொண்டால், துண்டுக்கு 9 ரூபாய் மிச்சம். 10,000 துண்டுகள் ஓடிய பிறகுதான் டை தன் விலையை மீட்கும். வாடிக்கையாளர் ஐயாயிரமாவது துண்டில் துளையை 3 மி.மீ. நகர்த்தச் சொன்னால் கணக்கு மறுபடியும் தொடங்கும். வரைபடத்தில் கையெழுத்து வாங்காமல் டைக்கு எஃகு வாங்குவது அவசரம்.

ஆழமாக இழுத்துச் செய்யும் வேலை தனி உலகம். 70 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. உயரமும் கொண்ட நேரான எவர்சில்வர் டம்ளருக்கு ஏறத்தாழ 181 மி.மீ. வட்டத் தகடு வேண்டும். அது டம்ளரின் விட்டத்தைப்போல 2.6 மடங்கு. ஒரே இழுப்பில் இரண்டு மடங்குக்கு மேல் போனால் அடி கிழியும் என்பதால், இரண்டு மூன்று இழுப்புகளாக அதைப் பிரிக்க வேண்டும். நிக்கல் குறைந்த 200 வரிசை ஸ்டெயின்லெஸ்ஸில் இழுத்து முடித்த பாத்திரம் அன்று நன்றாக இருந்து, சில நாள் கழித்து விளிம்பில் தானாகவே விரிவதும் உண்டு. பெட்டிப் பட்டறை இதில் இறங்க வேண்டியதில்லை.

பிரேக் வாங்குவதென்று முடிவானால், டன்னைவிடப் பின் அளவுகோலின் (தகட்டைப் பின்னால் தடுத்து மடிப்பின் இடத்தை நிர்ணயிக்கும் தடுப்பின்) துல்லியமும் டையின் தொகுப்பும் முக்கியம். 1.6 மி.மீ. தகட்டை 12 மி.மீ. டையில் மடிக்க மீட்டருக்கு 13 டன் போதும், 3 மி.மீ. தகட்டை 24 மி.மீ. டையில் மடிக்க 23 டன். ஸ்டெயின்லெஸ் ஆனால் இவற்றோடு பாதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2.5 மீட்டர் நீளத்துக்கு 100 டன் இயந்திரம் பேனல் வேலைக்குத் தாராளம். விலை குறைவென்று பழைய ஃப்ளைவீல் வகை மெக்கானிக்கல் பிரேக்கை எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை; பல பழைய இயந்திரங்களில் இறங்கத் தொடங்கிய பஞ்ச்சை நடுவில் நிறுத்த முடியாது, விரல் அங்கே இருந்தாலும் அது வந்தே தீரும். ஹைட்ராலிக் அல்லது சர்வோ வகையில் கை குறுக்கே வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரைப் பாதுகாப்போடு வாங்க வேண்டும்.

விற்பவர் காட்டும் மாதிரி மடிப்பைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. அவர் எப்போதும் ஒரு நீளத் துண்டில் எல் வடிவம் ஒன்றை மடித்துக் காட்டுவார். அதில் எந்த இயந்திரமும் தேறும். நம்முடைய பெட்டியின் சிலுவைத் துண்டையே எடுத்துச் சென்று, முதலில் நான்கு உள்மடிப்புகளும் பிறகு நான்கு சுவர்களும் என்ற வரிசையில் மடிக்கச் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு சுவர்கள் எழும்போது, ஏற்கெனவே உள்நோக்கி மடிந்திருக்கும் ஓரங்கள் பஞ்ச்சில் இடிக்கின்றனவா, 200 மி.மீ. சுவர் மேலே எதிலும் முட்டாமல் எழுகிறதா, துண்டு துண்டாகப் பிரித்து மாட்டும் பஞ்ச்சும் மடிந்த ஓரத்துக்கு இடம்விட்டு வளைந்திருக்கும் அன்னக் கழுத்துப் பஞ்ச்சும் விலைக்குள் சேர்ந்தவையா தனியா என்பது அப்போதுதான் வெளிப்படும். மடித்த பெட்டியின் நீளவாக்கில் இரு முனைகளிலும் நடுவிலும் கோணத்தை அளக்க வேண்டும். நடுவில் மட்டும் விரிந்திருந்தால், டை அமரும் படுக்கையின் தொய்வை ஈடுசெய்யும் ஏற்பாடு அந்த இயந்திரத்தில் சரியில்லை.

லேசர் அதற்குப் பிறகு வரட்டும். மாதந்தோறும் வெளியில் கட்டும் வெட்டுக் கூலி, லேசரின் கடன் தவணை, வாயு, மின்சாரம், இயக்குபவரின் சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்த தொகையைத் தொடர்ந்து ஆறு மாதமாவது தாண்டியிருந்தால், அப்போது அதை வாங்கலாம். ஒரு மாதம் தாண்டியதை நம்பி வாங்குபவர்கள், இயந்திரத்தைச் சும்மா நிறுத்த மனமில்லாமல் ஊரார் தகட்டையெல்லாம் கூலிக்கு வெட்டத் தொடங்கி, சொந்தப் பெட்டிகளைத் தாமதமாக்கிக்கொள்கிறார்கள்.